பிள்ளைக் காம்பராவில் என் மாமனார்

தேயிலை விலை விழுந்த காலத்தில் எங்கள் எஸ்டேட்டின் இளசுகள் பிள்ளைகுட்டிகளோடு திருப்பூருக்கு இறங்கிவிட்டார்கள். மிஞ்சியது என்னைப் போன்ற நடுவயதுப் பெண்களும் எங்கள் வீட்டுப் பெரியவர்களும்தான். நான் பிள்ளைக் காம்பரா ஆயா. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தை, இலங்கையிலிருந்து வந்த நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இப்போது அங்கே வெறும் தொட்டில் கயிறுகள்.

என் மாமனாருக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. ஆலைச் சங்கு ஊதினால் போதும், கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஒருநாள் அவரைக் கையோடு காம்பராவுக்கு அழைத்துப் போனேன். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி தன் மாமியாரைக் கொண்டுவந்து விட்டாள். படுத்த படுக்கையான அந்த அம்மாவுக்காக அவள் பாதி நாள் கூலியை இழந்துகொண்டிருந்தாள். அப்படியே ஒவ்வொருவராக வந்து காம்பரா நிறைந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே அடுப்பில் கஞ்சி வைத்தேன்.

தொரை பூட்டோடு வந்தார். மானேஜரை இன்னமும் நாங்கள் தொரை என்றுதான் சொல்கிறோம்.

"பிள்ளைங்களே இல்லாத காம்பராவுக்கு ஆயா எதுக்கும்மா? கம்பெனியே தள்ளாடுது. ரிட்டையர் ஆனவங்களப் பாத்துக்கவும் நாங்க ஆள் போடணுமா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"தாராளமா பூட்டுங்க, தொரை. நாளையிலருந்து ஆளுக்கொரு பெருசோட வீட்டுல உக்காந்துக்குறோம். நீங்களே கூடைய மாட்டிக்கிட்டுப் போய்க் கொழுந்து பறிங்க!"

அந்த நேரம் பார்த்து மாமனார் எழுந்து நின்று அவருக்குச் சலாம் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தொரை பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இடத்த வெச்சுக்கங்க. ஆயா சம்பளம் மட்டும் கெடையாது. கொழுந்து பறிச்சா கூலி."

கணவர் இறந்துபோன பிறகு என் சம்பளத்தில்தான் எனக்கும் மாமனாருக்கும் அரிசி. நான் பறிக்கப் போனால் காம்பரா மூடிவிடும். அவர் மறுபடியும் சங்குச் சத்தத்துக்குக் கிளம்பி ஏதாவது காட்டெருமை முன்னால் போய் நிற்பார்.

மறுநாள் மாலை, காம்பராவுக்கு எதிரே எடை போடும் இடத்துக்குப் பெண்கள் என்னைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் மூட்டையிலிருந்து கொழுந்தை அள்ளி ஒரு தனிச் சாக்கில் போட்டாள். சாக்கைத் தராசில் மாட்டி என் பேரைச் சொன்னார்கள்.

தொரையும் அங்கே நின்றிருந்தார். பறிக்கிறவர்களின் விரல்கள் தேயிலைக் கறை ஏறிக் கறுத்திருக்கும். என் விரல்களோ கஞ்சிப் பானை கழுவி வெளுத்திருந்தன. அவர் அவற்றையே பார்த்தார். நான் மறைக்கவில்லை.

"இந்தம்மா நல்லாப் பறிக்குதே," என்றார் எடைக்காரரிடம். "பேரு எழுதிக்கங்க."