தபாலட்டையில் வந்திறங்கும் நூலகங்கள்

நூலகப் படம் போட்ட தபாலட்டைகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர் முதலில் பழக வேண்டியது, "ஏன்?" என்று கேட்கிறவர்களைப் பார்த்துச் சும்மா சிரிப்பதற்குத்தான்.

தபால் முத்திரை சேர்த்தால் ஊர் மதிக்கும். பழைய நாணயம் என்றால் எட்டிப் பார்க்கும். நூலகம் என்றதும், "நீங்கள் நூலகரோ?" என்பார்கள். இல்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பத்திர வேலைகளைப் பார்க்கிற கந்தோர் ஒன்றில் நான் எழுதுவினைஞர். அதே ஊரில் ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு சின்ன வீடு. மனைவி யோகா, மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போனவள். மாரி மழை முடிய வருவதாகத்தான் பேச்சு. பேரனுக்குப் பல் முளைத்து, அவன் நடக்கவும் தொடங்கிவிட்டான். பின்னேரங்களில் என்னோடு இருப்பது சாப்பாட்டு மேசையில் பரப்பிய அட்டைகள்தான். பழுப்பேறிய ஐரோப்பிய வாசிகசாலைகள், கண்ணாடியும் இரும்புமாக எழுந்த புதிய நூலகங்கள். அட்டை சேர்க்கும் சக நோயாளிகளே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எதிர்க் கதிரை காலியாக இருப்பது கண்ணில் படாமல் இருக்க மேசையை நிரப்புவதும் ஒரு வழி.

உறை இல்லாத சங்கதி

தபாலட்டைக்கு உறை இல்லை. அதன் முழு அர்த்தமும் எனக்குப் பிடிபட்டது தபால்காரர் நஸாரால்தான். இணையத்தில் அட்டை மாற்றிக்கொள்கிறவர்களில் எனக்கு வாய்த்த ஒருவர் பின்லாந்தில் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்ன நூலகங்களின் படங்களைத் தேடி அனுப்புவார். பின்பக்கத்தில் இரண்டு மூன்று வரி. பனி, நாய், முழங்கால் நோவு. அவ்வளவுதான்.

ஒருமுறை எனக்குக் கடும் காய்ச்சல். யோகாவுக்குச் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்து அவள் பயப்படத்தான் முடியும். கந்தோரிலிருந்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வாசல் படலையில் மணிச் சத்தம் கேட்டுப் போர்வையோடு எழும்பிப் போனேன். நஸார் அட்டையைத் தந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வேலை முடிந்து போகிற வழியில் ஒரு பாத்திரத்தில் சுடச் சுடக் கஞ்சி கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை விறாந்தையில் இருந்தார். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு எழும்பும்போது ஆறுதல் சொன்னார்: "யோசிக்காதீங்க சேர், பின்லாந்து மேடத்துக்கு முழங்கால் இப்ப சொகமாம். நீங்க இன்னும் வாசிக்கல்லையா?"

வாசலில் நின்ற மான்

வாங்குகிறவன் கொடுக்கவும் வேண்டும். எங்கள் ஊர் நூலகத்துக்குத் தபாலட்டை கிடையாது. ஒரு விடுமுறை நாள் காலை, செய்ய வேறு வேலை இல்லாமல், நானே கமராவோடு போனேன். கதவு பூட்டியிருந்தது. மனித நடமாட்டம் இல்லை. கோட்டைப் பக்கம் இருந்து வந்த ஒரு புள்ளிமான், திறக்கும் நேரத்துக்கு முந்தி வந்துவிட்ட வாசகர் போல வாசலில் நின்றது. எடுத்தேன். எங்கள் தெருக்களில் மான் திரிவது மாடு திரிவது மாதிரி. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அதைத் தபாலட்டையாக அச்சடித்துத் தந்த ஸ்டூடியோக்காரர், "கட்டடத்தை மறைக்குது, மானை அழிச்சு விடட்டோ?" என்று கேட்டார். அன்று காலை என்னோடு அந்த இடத்தில் நின்ற ஒரே உயிர் அது. "வேண்டாம், நிக்கட்டும்" என்றேன். அட்டை பல நாடுகளுக்குப் போனது. பதில்கள் வந்தன. எல்லாம் மானைப் பற்றித்தான், கட்டடத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. பின்லாந்து ஆசிரியை மட்டும் நூலகத்தை நினைவு வைத்திருந்து ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "உங்கள் ஊரில் மான்களுக்கும் புத்தகம் இரவல் கொடுப்பீர்களா?"

துறைமுகத்துக்கு வெளியே

கையெழுத்து வாங்கப் படகில் போய்க் கப்பலில் ஏறும்போது மாலுமிகள், "உங்களுக்கு என்ன கொண்டுவர?" என்று கேட்பார்கள். மற்றவர்கள் வாசனைத் திரவியம் கேட்பார்கள், சொக்லேட் கேட்பார்கள். நான் நூலகப் படம் போட்ட தபாலட்டை கேட்பேன். சிரித்துவிட்டு மறந்துபோவார்கள். சீமெந்துக் கப்பல் ஒன்றின் சமையற்காரர் ரோமெல் மறக்கவில்லை. பிலிப்பைன்ஸ்காரர், என் வயதுதான் இருக்கும். என்னைப் போலவே அவரும் மனைவியைத் தொலைபேசித் திரையில் பார்க்கிறவர்.

பல மாதங்களுக்குப் பிறகு அதே கப்பல் திரும்பி வந்தது. ரோமெல் என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய் ஒரு தடித்த அட்டையை நீட்டினார். வியட்நாமில் கரையிறங்கி, கடை கடையாகத் தேடியிருக்கிறார். நூலகப் படம் எங்கும் இல்லை. பிறகு வழி கேட்டு நூலகத்துக்கே போய், உள்ளே ஒரு மூலையில் இருந்து, குமிழ்முனைப் பேனாவால் தானே படம் கீறியிருக்கிறார். யன்னல்கள் கோணல். அலுமாரிகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. என்னிடம் இருப்பதில் இதைவிட நல்ல அட்டை இல்லை. கெட்டுப்போகாத ஒரு சாமானைக் கொடுப்பதுபோல அதை என் கையில் வைத்துவிட்டு, தெரிந்த ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்: "இத்தனை வருசமாக் கப்பலில போறன், துறைமுகத்தைத் தாண்டி ஒரு ஊருக்குள்ள போனது இதுதான் முதல் தரம். அங்க எல்லாரும் தனித்தனியாத்தான் இருந்தினம், ஆனால் ஒருத்தரும் தனியா இருக்கிற மாதிரித் தெரியேல்லை."

யோகா ஏறிய வாசல்

போன புதிதில் யோகா தொலைபேசியில் அழுவாள். "மகளும் மருமகனும் வேலைக்குப் போயிடுவினம். வெளியில குளிர். பிள்ளையும் நானும் நாலு சுவரும். என்னால இஞ்ச இருக்க ஏலாது." அவளைக் கொஞ்சம் வெளியே அனுப்பலாம், எனக்கும் ஓர் அட்டை கிடைக்கும் என்று நினைத்து, "கிட்டடியில ஒரு நூலகம் இருக்காம். பிள்ளையை வண்டிலில வைச்சுத் தள்ளிக்கொண்டு போய் ஒரு போஸ்ட்கார்ட் வாங்கி அனுப்பும்" என்றேன். போனாள். தபாலட்டை அங்கே இல்லையாம். ஆனால் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வட்டம் ஒன்று இருந்ததாம். பக்கத்தில் இருந்த எத்தியோப்பியப் பெண் தேத்தண்ணீர் தந்தாளாம். அடுத்த கிழமை ஆங்கிலம் பேசிப் பழகும் வகுப்பு. பிறகு சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவளே கதை சொல்லத் தொடங்கிவிட்டாள். அழுகை நின்றது. அழைப்புகளும் குறைந்தன.

போன மாதம் ஒருநாள், "நான் இன்னும் கொஞ்சக் காலம் இஞ்சையே இருக்கப் போறன். நீங்களும் வாங்கோவன்" என்றாள். வேலையில் இருந்து ஓய்வு பெறும்வரை ஏலாது என்றேன். "கோவமே?" என்று கேட்டாள். கோபம் இல்லை. கல்யாணம் கட்டிய நாளில் இருந்து, எதைச் சொன்னாலும் முடிவில் "சரிதானே?" என்று என் முகத்தைப் பார்க்கிறவள் அவள். அன்று கேட்கவில்லை. அவள் தானாக முடிவெடுத்ததில் எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, வீடு முழுக்க வெறுமையாகவும் இருந்தது. "இருந்திட்டு வாரும்" என்றேன். மறுமுனையில் பேரன் எதையோ இழுத்து விழுத்தும் சத்தம். அவனைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் அனுப்பித்தானே நான் அந்த வாசல் ஏறினனான். இப்ப இறங்கச் சொல்லாததுக்குப் பெரிய நன்றி."

உலகத்து நூலகங்களை எல்லாம் வீட்டுக்கு வரவழைக்கப் புறப்பட்ட என்னிடம் இருந்து, ஒரு நூலகம் மனைவியை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு அட்டை ஒன்றுகூட அனுப்பாமல் விட்டதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட மிச்சம்.