மண் படாத உளவுகாரி

நேற்று ஒரு கடைவாசலில் மண்ணெண்ணெய்ப் புகை மூக்கில் ஏறியதும், போரால் மின்சாரமில்லாத அரியாலையில் மண்ணெண்ணெயில் ஜெனரேற்றர் முக்கி முக்கி ஓட, வாசிகசாலைக்குள் நெருக்கியடித்திருந்து பழைய உலகப்போர் உளவுப்படம் பார்த்த அந்தப் பகல் நினைவுக்கு வந்தது.

படத்தில், குண்டு விழுந்த பதுங்குகுழியிலிருந்து உளவுகாரி வெள்ளைச் சட்டை கசங்காமல், உதட்டுச்சாயம் கலையாமல் ஏறி வந்தாள்.

"உது பச்சைப் பொய். உவள் பங்கரைக் கண்ணாலையும் கண்டிருக்கமாட்டாள்" என்றார் அம்மா, எல்லோருக்கும் கேட்க.

சனம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வானத்தில் பொம்மர் இரைந்தது. ஜெனரேற்றரை நிறுத்திவிட்டு, வளவிலிருந்த பங்கருக்குள் விழுந்தடித்து இறங்கினோம். கிட்டடியில் குண்டு விழ, கூரையின் பனங்குற்றிகளுக்கிடையால் மண் எங்கள் தலையில் கொட்டியது. தங்கை வீரிட்டு அழுதாள். அவளை மடிக்குள் இறுக்கிக்கொண்டு அம்மா சொன்னார்: "பாத்தியே பிள்ளை, இப்பிடித்தான் மண் கொட்டும். இது தெரியாத ஆக்கள்தான் உந்தப் படத்தை எடுத்திருக்கினம்."

இருட்டுக்குள் யாரோ சிரிக்க, தங்கையும் விக்கலோடு சிரித்தாள்.

இரைச்சல் அடங்கியதும் முதலில் மேலே ஏறியவர் அம்மாதான். தலைமயிரெல்லாம் மண்ணோடு, படம் போட்டவரிடம் போனார்.

"எஞ்சினைப் போடு தம்பி, மிச்சத்தையும் பாப்பம்."

"பொம்மர்க்காரன் திரும்பி வந்தால், அக்கா?"

"வந்தால் திரும்பவும் இறங்குவம். அவனிட்டைக் கேட்டே நாங்கள் படம் பாக்கிறது?"