தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

ரஸ்ஸல் நிஸ்கனெனுக்கு ஐம்பத்தேழு வயது. மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை, பெரிய ஏரிப் பக்கமிருந்து வரும் பனி என்று ஓய்கிறதோ அன்றுதான் அவருக்கு விடுமுறை. பேச்சு குறைவு. அவரைப் பற்றி ஊரில் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். அவர் தள்ளிவிட்ட சாலையில் பள்ளிப் பேருந்து ஒரு நாளும் சறுக்கியதில்லை. நாற்பது பருவம் மான் வேட்டைக்குப் போய் ஒரு தோட்டாவைக்கூட வீணாக்கியதில்லை. இதில் இரண்டாவது போன நவம்பரோடு முடிந்துபோனது.

வேட்டைப் பருவம் திறந்த முதல் நாள் அது. தேவதாரு மரங்கள் அடர்ந்த சதுப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மதியம் சாய்ந்த நேரத்தில் எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு ஆண் மான் நூறு அடித் தொலைவில் பக்கவாட்டில் வந்து நின்றது. இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்கும் வாய்க்காது. சுட்டார். மான் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு சதுப்புக்குள் ஓடியது. போய்ப் பார்த்தால், கறுத்த ரத்தமும் மென்ற புல்லும் கலந்து தரையில் கிடந்தன. வயிற்றில் பட்டிருக்கிறது. அப்படிப் பட்ட மான் உடனே விழாது; எங்கேயோ போய்ப் படுத்து மணிக்கணக்கில் சாகும்.

இருட்டியது. பனி கொட்டியது. மறுநாள் தடமும் இல்லை, ரத்தமும் இல்லை. இரண்டு நாள் தன்னந்தனியாக முழங்கால் தண்ணீரில் தேடினார். கிடைக்கவில்லை. குடிலுக்குத் திரும்பியதும் கூட்டாளிகள் கேட்டதற்கு, "குறி தப்பிடுச்சு" என்றார்.

அந்த வேட்டைக்குடிலில் ஆறு பேர். தலைவர் மாதிரி இருப்பவர் ரஸ்ஸலின் மனைவிக்கு அண்ணன் டெல்பர்ட். குறி தப்பியவனின் சட்டை வாலை, பின்னால் தொங்கும் துணியை, வெட்டிச் சுவரில் ஆணியடித்து வைப்பது அங்கே வழக்கம். டெல்பர்ட் கத்தரிக்கோலோடு வந்து, "நாப்பது வருஷமா காத்துக்கிட்டிருந்தேன் மாப்ள, திரும்பி நில்லு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரஸ்ஸலும் சிரித்தார். குறி தப்புவது கேலிக்குரிய விஷயம். அதில் பெரிய அவமானம் ஒன்றுமில்லை. ஒரு விலங்கைக் குற்றுயிராக்கி விட்டுவிட்டு வருவது அப்படியில்லை. பெரிய அவமானத்தை மறைக்கச் சின்ன அவமானத்தைப் போர்த்திக்கொண்டார்.

காரணம் அவருக்குத் தெரியாமல் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில், பனிக்கடியில் மறைந்திருந்த பாலத்து விளிம்பில் லாரியின் முன்தகடு மாட்டி வண்டி திடுமென நின்றது. அவருடைய வலது தோள் நொறுங்கியது. உள்ளே உலோகத் தகடு வைத்து, ஆறு திருகாணி முடுக்கினார்கள். மார்ச் கடைசியில் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அப்பா விட்டுப்போன 30-06 துப்பாக்கியை அந்த இலையுதிர் காலத்தில் தோளில் வைத்துச் சுட்டபோது, வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் உதை நேராகத் தகட்டில் போய் இறங்கியது. தோள் நீலம் பாரித்தது. மனைவி பெர்னடீன் பார்த்துவிடக் கூடாதென்று குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை நீராவிக் குளியலில் கூட்டாளிகள் கேட்டபோது விறகு விழுந்தது என்றார். பருவத்துக்கு முன்னால் இருபது தோட்டா சுட்டுப் பழகுகிறவர், மறு வருடம் ஐந்தோடு நிறுத்தினார். போன வருடம் ஒன்றே ஒன்று.

இந்த வருடம் செப்டம்பர் பிறந்ததும் ஊர் இரும்புக்கடைக்குப் போனார். பெயிண்ட் டப்பாக்களைத் தாண்டிப் பின்பக்கம் துப்பாக்கி விற்கும் மேசை. அதைப் பார்த்துக்கொள்கிறவள் கொரின். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு.

"கொரின், பெரிசா ஒண்ணு குடு. 300 மேக்னம் மாதிரி. எங்க பட்டாலும் மான் நின்ன எடத்துலயே விழணும்."

கொரின் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "எங்க பட்டாலுமா? எங்க படணும்னு உனக்குத் தெரியாதா என்ன?"

"தெரியும். சும்மா ஒரு காவலுக்குத்தான்."

"வயித்துல பட்டா பீரங்கி வெச்சு சுட்டாலும் அது ஓடத்தான் செய்யும் ரஸ்ஸல். உங்கப்பா துப்பாக்கிக்கு என்ன வந்துச்சு?"

"ஸ்கோப் ஆடுது போல."

"சனிக்கிழமை சரளைக் குழிக்குக் கொண்டா. ஆடுதா இல்லியான்னு பாத்துட்டு அப்பறம் விக்கறேன்."

"விக்க மாட்டேங்கற கடைக்காரிய இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அந்தப் பெரிச ஒரு தடவ சுட்டுட்டு நீ இங்க கொண்டாந்து போட்டுட்டுப் போவ. நான் அத யார் தலையில கட்டுறது?"

சனிக்கிழமை, ஊர்க்காரர்கள் சுட்டுப் பழகும் சரளைக் குழியில் முதலில் அவளே மூன்று முறை சுட்டாள். மூன்று ஓட்டையும் ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடலாம். குறி பார்க்கும் ஸ்கோப்பில் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டது. பிறகு அவரை உட்காரச் சொன்னாள். "நான் தோட்டா போடறேன். நீ அந்தப் பக்கம் பாரு" என்றாள். முதல் முறை வெடித்தது. குறி அட்டையில் நடுவிலிருந்து ஒரு சாண் கீழே பட்டது. இரண்டாம் முறை தோட்டா போடாமலே துப்பாக்கியின் தோட்டா அறையை மூடிக் கொடுத்தாள். அது அவருக்குத் தெரியாது. குறி பார்த்து விசையை இழுத்தார். டிக்கென்று ஒரு சத்தம், வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை, கோழி தரையைக் கொத்துவது போல நாலு விரல் கீழே குதித்தது. கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன.

கண்ணைத் திறந்தபோது என்ன நடந்தது என்று அவருக்கே புரிந்தது. உதை வரப்போகிறது என்று உடம்பு முந்திக்கொள்கிறது. துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"தோள்ல என்ன, தகடா?" என்று கேட்டாள் கொரின்.

"தகடு. ஆறு திருகாணி."

"வீட்ல தெரியுமா?"

"வலிக்கலேன்னு சொல்லியிருக்கேன்." பிறகு, கேட்காமலே, அந்த எட்டுக் கிளை மானைப் பற்றியும் சொன்னார். கறுத்த ரத்தம், இரண்டு நாள் தேடியது, சட்டை வால், எல்லாவற்றையும். வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

கொரின் ஆறுதல் சொல்லவில்லை. "அந்த மானுக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. வரப்போற மானுக்குப் பண்ணலாம். எந்திரி" என்றாள்.

இடது தோளில் வைத்துப் பார்த்தார்கள். இடக்கண் அவருக்குத் தூரத்தில் மங்கல், சரிவரவில்லை. அடுத்து, வண்டியிலிருந்து இரண்டு துப்பாக்கியை எடுத்து வந்தாள். ஒன்று நடுத்தரமானது, நாலு முறை நன்றாகப் போயிற்று, ஐந்தாவதில் கண் மூடிக்கொண்டது. மற்றொன்று 243. குண்டு மெல்லியது, உதையும் பாதிக்குப் பாதி.

ரஸ்ஸல் அதைக் கையில் வாங்கவில்லை. "இது பொம்பளைங்களும் சின்னப் பசங்களும் வெச்சிருக்கறது."

"நானும் பொம்பளதான். அதால எத்தனை மான் அடிச்சேன்னு சொல்லட்டுமா, இல்ல நீயே சுட்டுப் பாக்கறியா?"

சுட்டுப் பார்த்தார். நடுநடுவே அவள் வெற்று அறையை மூடிக் கொடுத்தபோதும் குழல் அசையவில்லை. பத்தாவது முறையும் கண் திறந்தே இருந்தது.

துப்பாக்கி முடிவானாலும் தோட்டா முடிவாகவில்லை. கடைக்குத் திரும்பி அலமாரியிலிருந்து அவர் எடுத்த முதல் பெட்டியைக் கொரின் பிடுங்கித் திரும்ப வைத்தாள். "இது நரி மாதிரி சின்ன மிருகத்துக்கு. எடை கொறைஞ்ச குண்டு, தோல்லயே செதறிப் போயிடும். மானுக்கு நூறு கிரெய்ன் எடைக் குண்டு வேணும். அதுதான் வெலா எலும்பத் தாண்டி உள்ள போகும்." நூறு கிரெய்னிலேயே மூன்று கம்பெனிப் பெட்டி வாங்கி மூன்றையும் அந்தக் குழலில் சுட்டார்கள். ஒன்று சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறியது. ஒன்று பரவாயில்லை. மூன்றாவது மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தது. ஏன் என்று கேட்டார். "தெரியாது. நமக்கு ஒருத்தர் கைச் சமையல் புடிக்கற மாதிரி அதுக்கு அது புடிச்சிருக்கு" என்றாள். குளிர்காலக் கோட்டுப் போட்டால் தோளில் பதியும் கட்டை நீளமாகிறதென்று அரை அங்குலம் அறுத்து, நுனியில் ரப்பர் பொருத்திக் கொடுத்தாள். கடைசியாக ஒன்று சொன்னாள்:

"இதுல தப்புக்கு எடம் கம்மி. நூத்தம்பது கஜம் தாண்டி நிக்கறதயோ, குண்டியக் காட்டிக்கிட்டு நிக்கறதயோ தொடாத. வெலாப் பக்கம் திரும்பலேன்னா போக விட்ரு."

வீட்டுக்கு வந்ததும் பெர்னடீனிடம் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினார். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், பார்த்தவுடனே தெரிந்துகொண்டாள். "மூணு வருஷமா தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கறது இதுக்குத்தானா? வேற எவளோ இருக்கான்னாவது நெனச்சிருப்பேன், அதுக்கும் உங்களுக்குத் தெறம பத்தாது" என்றாள். பிறகு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து வைத்தாள். வைத்துக்கொண்டே நெடுநேரம் திட்டினாள்.

அக்டோபர் முழுவதும் சனிக்கிழமைதோறும் இருபது தோட்டா. உட்கார்ந்து, முழங்காலிட்டு, மரத்தில் சாய்ந்து. அப்பாவின் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து அலமாரியில் வைத்தார். அதன் மேல் அவருக்குக் கோபமில்லை.

நவம்பர் பதினான்காம் தேதி குடிலுக்குப் போனபோது, உறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்து டெல்பர்ட் கையிலிருந்த மாமிச ரொட்டியைக் கீழே வைத்தார்.

"என்ன மாப்ள இது, யார் வீட்டுப் பொம்மைய எடுத்துட்டு வந்த?"

"என்னோடதுதான் மச்சான்."

"இத வெச்சு மான் அடிப்பியா, இல்ல மானுக்குத் தாலாட்டுப் பாடுவியா?"

குடிலில் சமைக்கிற ஆர்வோ எழுபத்தைந்து வயதுக்காரர். அவர்கூடச் சிரித்தார். ரஸ்ஸல் தன் படுக்கையை விரித்துக்கொண்டார்.

முதல் நாள் விடிந்து ஒரு மணி நேரத்தில், மரம் வெட்டி வெளியான இடத்தின் மறுகோடியில் பத்துக் கிளைக் கொம்போடு ஒரு மான் போயிற்று. அத்தனை பெரியதை அவர் அந்தக் காட்டில் மூன்று முறைதான் பார்த்திருக்கிறார். இருநூற்றைம்பது கஜம் இருக்கும். பின்பக்கம் காட்டியபடி சாய்ந்து நடந்தது. ஸ்கோப்பில் பார்த்தார். விரலை விசையில் வைக்கவில்லை. மான் மேட்டுக்கு அப்பால் போய் மறைந்தது. பதினோரு மணிக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வெடி கேட்டது. சாயங்காலம் குடில் வாசலில் கம்பத்தில் அந்த மான்தான் தொங்கியது. டெல்பர்ட் நாலாவது தடவையாக அதன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அது முதலில் தன்னைத் தாண்டித்தான் வந்தது என்பதை ரஸ்ஸல் சொல்லவில்லை. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் காலை லேசான பனி. கவைக்கொம்போடு ஓர் இளம் மான் எண்பது அடியில் வந்து, தலையைக் குனிந்து முகர்ந்து, பக்கவாட்டில் நின்றது. முன்காலுக்குப் பின்னால் கைப்பிடி அளவு இடம். வெடித்தபோது அவர் கண் திறந்திருந்தது. ரோமம் அசைந்ததைக்கூடப் பார்த்தார். மான் நாற்பது அடி ஓடி, கால் மடங்கி விழுந்தது. விழுந்தது தெரிந்தும் அரை மணி நேரம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இழுத்து வர டெல்பர்ட் கயிறோடு வந்தார். குடில் வாசலில் கட்டித் தூக்கி, ரஸ்ஸல் தோலுரிக்க, டெல்பர்ட் காலைப் பிடித்துக்கொண்டார். ஆர்வோ ஈரலுக்காகச் சட்டியோடு நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்து, "பொம்மைக்குப் பல்லு இருக்கு மாப்ள" என்றார் டெல்பர்ட்.

ரஸ்ஸல் கத்தியை நிறுத்தாமலே சொன்னார். "போன வருஷம் நான் குறி தப்பல மச்சான். வயித்துல சுட்டுட்டேன். ரெண்டு நாள் தேடியும் கெடைக்கல. தோள் போச்சு. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஆர்வோதான் முதலில் வாய் திறந்தார். "எனக்கு அப்படி ரெண்டு. ஒண்ணு எண்பத்தொண்ணுல. எந்த மரத்துக்குப் பக்கத்துலன்னு இப்பவும் சொல்லுவேன்."

டெல்பர்ட் முகம் சிவந்தது. "தோள் போனத விடு. ஏண்டா அன்னிக்கே சொல்லல? ஆறு பேரு இருந்தோம். வரிசையா நின்னு சதுப்ப அலசியிருக்க மாட்டோமா? ராத்திரிக்குள்ள கெடைச்சிருக்கும். நாங்க சிரிப்போம்னு அத நரிக்கு விட்டுட்டியா?"

பொம்மை என்றபோதும் சட்டையை வெட்டியபோதும் சுருக்கென்று படாத ரஸ்ஸலுக்கு இது பட்டது. அந்த இரண்டு நாளில் துணைக்கு ஆள் கூப்பிடலாம் என்று அவருக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மூன்று வருடமாகவே அப்படித்தான் இருந்திருக்கிறார்.

"தப்புதான் மச்சான்" என்றார்.

"தப்புதான்" என்றார் டெல்பர்ட். பிறகு காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அறு, கை வெறைக்குது" என்றார்.