அட்வான்ஸ் வாங்காத நடவு

அம்சவல்லி, வயல்காரர் இராஜாங்கத்துக்கு நாலாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். வேலை இல்லாத ஆனி, ஆடியில் வாங்கித் தின்ற பணம். குடவாசல் பக்கம் கூலிக்கு முன்பணமாகத் தரும் அந்த அட்வான்ஸுக்கு வட்டி கிடையாது. பதிலாக, கொடுத்தவர் வயலில்தான் முதலில் இறங்க வேண்டும். ஊர்க்கூலியில் நூறு ரூபாய் குறைத்து வாங்க வேண்டும். வருடா வருடம் இதே கதை.

அவள் நடவோ சாதாரண நடவு அல்ல. கயிறு பிடிக்காமலே வரிசை கோணாது. ரயிலில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். இதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவளே சொல்லிவிடுவாள்.

அரசாங்கம் மாதாமாதம் அவள் கணக்கில் ஆயிரம் ரூபாய் போட ஆரம்பித்தது. எதற்கு, ஏன் என்று கேட்காத பணம். அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனை அடைத்தாள். இந்த ஆடியில் மளிகைக்கும் அதுவே போதும் என்று சமாளித்துவிட்டாள். இராஜாங்கம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

புரட்டாசியில் அவரே பைக்கில் வந்தார்.

"என்னம்மா, ஓசிப் பணம் வந்ததும் குனிய முடியலையோ?"

"நேத்துகூட நீடாமங்கலத்துல நட்டுட்டு வந்தேண்ணே. ஆயிரத்த வச்சு மாசம் பூரா உக்காந்து திங்க உங்க வீட்டுல முடியுமா?"

"சரி, என் வயலுக்கு எப்ப?"

"நாளைக்கே. எங்க செட்டுப் பொம்பளைங்களுக்கு ஆளுக்கு நானூத்தம்பது. கரையேறுனதும் கையில காசு."

"எப்பவும் முந்நூத்தம்பதுதானே?"

"அது கடன்காரி கூலி. இப்ப நான் யாருக்கும் கடன்காரி இல்ல."

"வடக்கத்தி ஆளுங்கள வச்சுக்கறேன் போ!" பைக் சீறிக்கொண்டு போனது.

கூட நடும் பிரகதீஸ்வரிக்குப் பயம் வந்துவிட்டது. "அக்கா, அம்பதக் குறைச்சுக்குவோமா?"

"மாசம் வர்ற ஆயிரம் எதுக்குடி? இந்த மாதிரி ஆளுகிட்ட முடியாதுன்னு சொல்லத்தான்."

வடக்கத்தி ஆட்களுக்கு ஊரெல்லாம் வேலை. ஏக்கருக்கு அவர்கள் கேட்ட தொகையில் இராஜாங்கத்துக்குத் தலை சுற்றியது. நாற்றங்காலிலோ நாற்று முற்றி நுனி பழுக்கத் தொடங்கியது. மறுபடியும் பைக் வந்தது. இந்தத் தடவை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்று பேசினார்.

"வாங்கம்மா. நீ கேட்டதே தர்றேன்."

பொழுது சாய நடவு முடிந்தது.

"நாளைக்கு வந்து வாங்கிக்கயேன்" என்றார்.

பெண்கள் ஒருவரும் நகரவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அம்சவல்லி மட்டும் சேறு காயாத உள்ளங்கையை விரித்து நீட்டினாள். இராஜாங்கம் சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒவ்வொரு நோட்டாக எண்ணி அதன்மேல் வைத்தார்.