கோச்சி திரும்ப இரண்டடி

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, தண்டவாளத்துக்கு அடியில் குனிந்து போய் என் அறை யன்னலைத் திறந்தேன். கணவர் இடுப்புயரத்தில் பலகை அடித்து ஓட்டும் சின்ன விளையாட்டு ரயில், அவர் சொல்லில் கோச்சி, வீட்டின் முன் ஹோலை நிரப்பிவிட்டு, இப்போது என் அறைவாசலைக் குறுக்கே கடக்கிறது.

நிமிர்ந்தால், என் வாசிப்பு மேசையைச் சுற்றித் தரையில் வெண்கட்டிக் கோடு.

"இது என்ன?"

"கோச்சி திரும்பி வாறதுக்கு வளைவு வேணுமே. ரெண்டே ரெண்டடிதான். மேசைய குசினியில, அடுப்புப் பக்கம் போட்டா என்ன?"

இந்த வீட்டில் நான் மட்டும் உட்காரும் இடம் அது ஒன்றுதான்.

தில்லையடியில் அவருடைய தங்கையிடம் போய்ச் சொன்னேன். அண்ணனை விட்டுக்கொடுக்காமல் சிரித்தாள்.

"மதினி, எங்கட நானா ஊர் சுத்துறாரா? வூட்டோட இருந்து கோச்சி ஓட்டுறாரு. அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்க."

சொன்னேன். நல்ல மனிதரைப் பற்றி முறையிட எங்கும் இடமில்லை.

திரும்பும் வழியில் புத்தளம் ஸ்டேஷனில் கொழும்பு ரயில் நின்றது. சாரதி முன்னால் இறங்கி, நடந்து போய்ப் பின்னால் ஏறினார். வளைவே இல்லாமல் ரயில் வந்த வழியே போனது.

நாளை காலை முதல் வேலை, ஈரத்துணியால் அந்தக் கோட்டைத் துடைப்பது. மேசை நகராது. வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை; இங்கே முகநூலில்தான் முதலில் எழுதுகிறேன்.

அவருக்கு முகநூல் இல்லை. தங்கைக்கு உண்டு; படித்ததும் அவரிடம் சொல்லிவிடுவாள். யார் முந்துகிறோம், பார்ப்போம்.