கப்பலில் ஓர் அறை

எங்கள் பாடசாலையில் உடன் படிப்பிக்கும் ஒருவர், தன் கணவருக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு வீடியோ கேம் வாங்கிக் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்தார். விண்வெளிக் கப்பலில் ஏறி, கிரகம் கிரகமாகப் போய், நாமே ஒரு பாத்திரமாக வாழும் கதை விளையாட்டு. "நீங்க ரெண்டு பேரும் அதத்தானே விளையாடினீங்க டீச்சர்? நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுங்களேன்" என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்கும், ஆனா நடக்கிற வேல கூட" என்று சொல்லிவிட்டுக் கொப்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். முகத்தில் அடித்த மாதிரி இருந்திருக்கும் அவருக்கு. முழுப் பதிலை அங்கே நின்று சொல்ல என்னால் முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

அந்த விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். கண்டி டவுனில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவர், பகல் முழுக்கத் திரையைப் பார்த்தது போதாதென்று கட்டுகஸ்தோட்டையில் எங்கள் மாடி வீட்டுக்கு வந்தும் திரையைத்தான் பார்ப்பார். நான் பக்கத்தில் கணக்குக் கொப்பி திருத்திக்கொண்டு முணுமுணுப்பேன். ஒருநாள் ஏதோ ஒரு நிலாவில் ஒரு வியாபாரி வழி விட மறுத்தான். இவர் துப்பாக்கியை எடுத்தார். "ஐயோ, மொதல்ல பேசித்தான் பாருங்களேன்" என்றேன். பேசினார். எந்தப் பதிலைத் தெரிவுசெய்வது என்று நான்தான் சொன்னேன். அவன் கும்பிடாத குறையாக வழி விட்டான்.

அன்றிலிருந்து சுடுவது அவர், பேசுவது நான். எனக்கு வாய் நீளம் என்பது இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்த விஷயம். அதற்கு ஒரு மரியாதை கிடைத்தது அந்த விளையாட்டில்தான், ஆகவே அதை முதல் நல்லதாகச் சொல்ல வேண்டும். எத்தனையோ சண்டைகளை ஒரு குண்டுகூடச் செலவில்லாமல் பேசியே முடித்தோம். கெட்டது என்னவென்றால், விளையாட்டைச் செய்தவர்கள் எழுதிவைத்த நாலைந்து பதில்களில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். நமக்குச் சொல்ல வேண்டியது அதில் பல நேரம் இருக்காது.

அப்புறம் நான் உண்டானேன். மடுல்கெல்லைத் தோட்டத்திலிருந்து மாமி, அதாவது அவருடைய அம்மா, பையோடு வந்து இறங்கினார், சட்டத்தோடும்தான். பிள்ளை கைக்கு வரும்வரை சட்டை, தொட்டில், பொம்மை எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. பெயரைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது, முப்பத்தோராம் நாள் வைத்துக்கொள்ளலாம். "எல்லாம் புள்ள பொறந்தப்பறம் பாத்துக்கலாம் புள்ள. ஆசப்பட்டு வாங்கி வச்சிட்டு..." என்று நிறுத்திக்கொள்வார். என் வாய் அவரிடம் எடுபடவில்லை. டவுனில் பிள்ளைச் சாமான் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறுவேன்.

ஒரு சனிக்கிழமை என் கணவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வீட்டுக்குள்ளதானே கொண்டுவரக் கூடாது?"

விளையாட்டை முதலிலிருந்து தொடங்கினோம். முகம் செய்வதுதான் அதில் முதல் வேலை, அதில் அந்த விளையாட்டை அடிக்க ஆளில்லை. எங்கள் நிறம் அச்சாக இருந்தது. ஆணா பெண்ணா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களே பெண் என்று முடிவு செய்துகொண்டோம். என் கண்ணை வைத்தோம், அவருடைய நாடியை வைத்தோம். மூக்குக்கு வந்தபோது அவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். மாமியின் மூக்கு சாதாரண மூக்கு இல்லை. ஆள் வருவதற்கு முன்னால் மூக்கு வந்துவிடும். அதைக் கொண்டுவர மூக்கின் அளவைக் கடைசிவரை தள்ள வேண்டியிருந்தது, நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஒழுங்கான பின்னல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கெட்டதில் சேர்த்துக்கொள்ளலாம். மச்சம் வைக்க இடம் இருந்தது. "கண்ணு பட்டுரும்" என்று இடது கன்னத்தில் பெரிதாக, கறுப்பாக ஒன்று வைத்தார்.

பிறகு பெயர் கேட்டது. மாமி கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார். என் கணவர் அவசரமாக எழுத்துகளை அடித்தார். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

அந்த விளையாட்டில் யாரும் குழந்தையாக இருந்ததில்லை. வளர்ந்த ஆளாகவே தொடங்க வேண்டும், பழைய தொழில் என்ன என்று மட்டும் கேட்பார்கள். வைத்தியர் என்று போட்டோம். ஊரில் எந்தத் தாய் தகப்பன் வேறு எதைப் போடுவார்கள்? அவளுக்குச் சொந்தமாக ஒரு கப்பல் கிடைத்தது. அதில் ஆயுதம் வைக்கும் அறையைக் காலி செய்து, அவள் கண்ட இடத்தில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து நிரப்பினோம். மேசை விளக்கு, பூச்சட்டி, பஞ்சுக் கரடி. பாரம் கூடினால் ஓட முடியாது என்பது அந்த விளையாட்டின் பெரிய தொல்லை. அந்தக் கரடிக்காக அவர் ஒரு நிலா முழுக்க அவளை மெல்ல நடக்க வைத்தார். வெறும் கல்லும் மண்ணுமாய்க் கிடக்கும் கிரகங்களைப் பற்றி எல்லோரும் குறை சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வீங்கிய காலை அவர் மடியில் போட்டுக்கொண்டு, அவள் நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அத்தனை கிரகத்திலும் ஒரு தொட்டில் இல்லை. சாமான் பெட்டி ஒன்றை வாய் மேலே பார்க்க வைத்து, அதற்குள் தலையணை போட்டோம்.

இன்னொரு குறை எனக்குப் பொறுக்கவே இல்லை. குரல்களை முன்கூட்டியே பதிவு செய்துவிடுவதால், நாம் வைக்கும் பெயரை அந்த விளையாட்டில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் அவள் 'கேப்டன்'தான். "இவ்வளவு செஞ்சவனுங்களுக்கு ஒரு பேரச் சொல்லத் தெரியாதா?" என்று ஏசினேன். "கூப்பிட நாம இருக்கோமே" என்றார் அவர். மாமி பக்கத்தில் இல்லாதபோது நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், ரகசியமாக.

ஏழாம் மாதம் அசைவு நின்றுவிட்டது.

பெண்தான். என் கண்ணா என்று தெரியாது, அவள் கண் திறக்கவில்லை. மூக்கு மாமியின் மூக்கு. என் கணவரும் அவருடைய அண்ணனும் அவளை வத்தேகம வழியாக மடுல்கெல்லைக்குக் கொண்டுபோய், தேயிலைக்கு மேலே தோட்டத்து மயானத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். என்னைக் கூட்டிப் போகவில்லை. ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டில் என் பெயரும் 'பெண் குழந்தை' என்றும் மட்டும் இருந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் 'அது' என்றார்கள். அது போச்சு, அதை நினைக்காதே, அடுத்தது நல்லபடியாக வரும்.

மாமி என் தலையைத் தடவி, "நல்ல வேள, ஒண்ணும் வாங்கி வைக்கல" என்றார். உண்மைதான். வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன், எங்கள் உடுப்பு. கட்டிலுக்குக் கீழே பார்த்தேன், பழைய செருப்பு. யாரையும் எதிர்பார்க்காத வீடு மாதிரி இருந்தது. கட்டிப்பிடித்து அழ ஒரு சின்னச் சட்டைகூட எனக்கு இல்லை. மாமியை அன்று நான் மனதார வெறுத்தேன். பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கேம் பெட்டியின் மேல் என் கணவர் ஒரு துணியைப் போட்டு மூடினார். ஒருநாள் எனக்குத் தாங்க முடியாமல், "அழிச்சிடுங்க அத" என்று கத்தினேன். நானும் 'அத' என்றுதான் சொன்னேன். அவர் துணியை எடுத்துவிட்டு விளையாட்டைத் திறந்தார். நிச்சயமா என்று திரை கேட்டது. இரண்டே பதில்கள். அவர் கன்ட்ரோலரை என் பக்கம் நீட்டினார், பேசுவது நான்தானே. 'இல்லை' என்பதை அழுத்தினேன்.

விட்ட இடத்தில் விட்டபடியே எல்லாவற்றையும் அந்த விளையாட்டு வைத்திருக்கும். அதை நல்லதில் சேர்ப்பதா கெட்டதில் சேர்ப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன மழைக்கு மாமி மறுபடி வந்தார், பை நிறையக் கீரையோடு. ஞாயிறு மத்தியானம். நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வெளியே மழை பிடித்துக் கொட்டியது. அம்மா குளிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்து இவர் அந்தத் துணியை எடுத்திருக்கிறார். முன்னறையில் மாமியின் குரல் கேட்டது.

"யாரு இது?"

ஓடினேன். திரையில் அவள் அந்த அறைக்குள், வட்ட யன்னல் பக்கம் பார்த்தபடி நின்றாள். இடது கன்னம் எங்கள் பக்கம். இவர் கன்ட்ரோலரைப் பிடித்தபடி குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். மாமி ஈரத் துவாயோடு டீவிக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். முதலில் மூக்கைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"கன்னத்துல பொட்டு வச்சிருக்கீங்க."

இவர் தலையாட்டினார். மாமி பெட்டியையும் தலையணையையும் கரடியையும் பார்த்தார்.

"எப்படா வாங்கினீங்க இதெல்லாம்?"

"அப்பவேம்மா."

ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். பதிலுக்கு நானும் நன்றாகக் கொடுக்க வேண்டும் என்று சேர்த்து வைத்ததெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. மாமி கதிரையை இழுத்துப் போட்டு டீவிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"பேரு?"

இவர் என்னைப் பார்த்தார். நாங்கள் அதைச் சத்தமாகச் சொன்னதே இல்லை. நான் சொன்னேன். பாதியில் குரல் உடைந்து, மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

மாமி அதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். பிறகு தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று, விளையாடப் போன பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற மாதிரி, கடைசி எழுத்தை இழுத்து, மழைக்கு மேலே கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. அதற்கு அந்த விளையாட்டில் வழி இல்லை. நாங்கள் யாரும் மாமியிடம் அதைச் சொல்லவில்லை. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார்.