எல்லா சீட்டிலும் திறந்த படம்

மகள் வேன் ஏறும் இடத்தில் சில நாட்களாக ஒரு பைக் வந்து நின்றது.

அவள் அப்போது புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் கம்பெனி வேன் இடைசெவல் மெயின் ரோட்டுக்கு வந்து எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொள்ளும். பைக்கில் வருகிறவன் யாரிடமும் பேசமாட்டான். இன்ஜினை அணைக்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, இத்தனை பெண்களில் இவளை மட்டும் பார்ப்பான். வேன் புறப்பட்டதும் போய்விடுவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்கூட ஏதாவது கேட்டிருக்கலாம். பார்க்கிறவனிடம் என்ன கேட்பது?

மகள் அவள் அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொன்னாள். நான் கோவில்பட்டியில் ஒரு கமிஷன் கடையில் உளுந்து மூட்டை தைக்கிறவன். நானாகப் போய் ஒருவரிடம் பேச்சுக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. "எவனாவது வெட்டிப்பயலா இருப்பான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். நூலைக் கோத்து ஊசியைக் குத்தும்போதெல்லாம் அந்த இன்ஜின் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. புதூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஜாதகம் பொருந்தியிருந்தது. பையன் துபாயில் இருந்தான். எங்கள் பக்கத்தில் பொருத்தம் முடியாமல் பெண்ணின் படத்தை வெளியே கொடுப்பதில்லை. நாலு வீட்டுக்குப் போய்த் திரும்பிய படம் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால், அப்புறம் கேட்டு வருகிறவர்கள் வாசலோடு யோசித்துத் திரும்பிவிடுவார்கள். அதனால் எல்லாம் பொருந்திய பிறகுதான் அவளை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய், நீலப் பட்டில் நிற்கவைத்து ஒரே ஒரு படம் எடுத்தோம். அதைப் பையனுக்குக் கம்ப்யூட்டரில் அனுப்பச் சொன்னார்கள்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அதன் முதலாளி முன்பு அதே இடத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் சாமான் பையை அவர் கடையில் போட்டுவிட்டுப் போவார்கள். அதே ஊர்க்காரர் யார் வந்தாலும் வந்தவரே எடுத்துப் போய் உரிய வீட்டில் கொடுத்துவிடுவார். கடை போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் அந்த முறையை விடவில்லை.

"ஊர் பேருல ஒரு ஃபோல்டர் போட்டிருக்கேன் அண்ணாச்சி. நீங்க வர முடியலைன்னாலும் உங்க ஊர்க்காரவிய யாரும் வந்து, எந்த சீட்டுல உக்காந்தும் எடுத்துக்கிடலாம்" என்றார்.

படத்தையும், அவள் பெயர், நட்சத்திரம், வேலை பார்க்கும் இடம் எல்லாம் எழுதியிருந்த தாளையும் மெஷினில் வைத்து ஏற்றி, அனுப்பிவிட்டு, 'இடைசெவல்' என்ற பெயருக்குள் போட்டார். நம் ஊர் பெயர் அந்தப் பெட்டிக்குள் இருப்பது அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பைக் வரத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். டீக்கடையில் என் பக்கத்தில் ரெக்சின் பையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதிரில் இருந்தவரிடம் பையிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார். நீலப் பட்டு. என் மகள்.

"பிள்ளை இடைசெவலு. தையல் கம்பெனிக்குப் போகுது. காலையில வேன் ரோட்டுக்கு வரும். படத்துல சந்தேகம்னா மாப்பிள்ளையை அங்கன போய் நேர்லயே பாத்துக்கிடச் சொல்லுங்க. ரெண்டு மூணு பேர் பாத்துட்டு வந்துட்டாவ."

கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அந்தப் படம் ஒங்களுக்கு ஏது?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் அவர் திரும்பினார்.

"கம்ப்யூட்டர் சென்டர்ல ஊர் ஊராக் கெடக்குல்லா அண்ணாச்சி. ஒங்க வீட்லயும் பையன் இருக்கானா?"

"அது எம் பிள்ளை."

அவர் பயப்படவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "அட, அப்ப நல்லதாப் போச்சு! தரகு கமிஷனெல்லாம் கல்யாணம் முடிஞ்ச பெறகு குடுத்தாப் போதும்."

அவர் கையிலிருந்து தாளைப் பிடுங்கினேன். அவர் தடுக்கவே இல்லை.

"வச்சுக்கிடுங்க. எங்கிட்ட இன்னும் இருக்கு" என்றார்.

மறுநாள் மகள் கம்பெனிக்கு லீவு போட்டாள். இருவரும் சென்டருக்குப் போனோம். முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். ரெக்சின் பைக்காரர் மூலை சீட்டுக்குத் தினமும் வருகிறவராம். ஊர் ஊராக உறவு இருக்கிறது என்று அவராகச் சொல்லிக்கொண்டதை இவர் நம்பியிருக்கிறார்.

"இப்பவே அழிச்சிருதேன்மா" என்றார்.

"என் படத்தை அழிச்சாப் போதுமா? எங்க வேன்ல வார பிள்ளை படமும் இதுல கெடக்கு" என்றாள் மகள். "மொதல்ல பூட்டுங்க. பூட்டுதா இல்லையான்னு என் படத்தை வச்சே பாக்கணும்."

திருநெல்வேலியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்கள். வந்தவர் ஃபோல்டர்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "நீங்க கடை நடத்தல, சத்திரம் நடத்துதீங்க. யாரும் தொறக்கலாம், எடுக்கலாம், மாத்தி எழுதிட்டுக்கூடப் போகலாம்."

முதலாளி பெயரில் நுழைகிறவர் மட்டுமே திறக்கும்படி மாற்றி, "இனி ஒருத்தன் தொட முடியாது" என்றார்.

மகள் எழுந்து அந்த மூலை சீட்டுக்குப் போனாள். பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் இருந்தவர் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு தட்டுத் தட்டினாள்.

நீலப் பட்டில் அவளே திரையில் வந்து நின்றாள்.

அவள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த ஆள் தினமும் இதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருப்பார் என்று நினைத்தபோது எனக்கு அவளை அங்கிருந்து எழுப்பிவிட வேண்டும் போலிருந்தது.

மெக்கானிக் குனிந்து திரையின் ஓரத்தில் எதையோ படித்தார். "அண்ணாச்சி, எல்லா சீட்டையும் காலையில உங்க பேருலயே தொறந்து விடுதீங்களா?"

"ஆமா. வாரவிய பாஸ்வேர்டுக்குக் காத்துக்கிடக்க வேண்டாம்லா?"

"சரியாப் போச்சு. நான் முதலாளிக்கு மட்டும்னு பூட்டுதேன். இங்கன உக்காருதவன் பூரா முதலாளியா இருக்கான்."

அதன் பிறகு வேலை சாயங்காலம் வரை நடந்தது. ஒவ்வொரு சீட்டுக்கும் தனிப்பெயர் வைத்து, அந்தப் பெயர்களுக்கு ஃபோல்டர் பக்கமே வழி இல்லாமல் செய்தார். முதலாளியின் பெயரும் புதிய பாஸ்வேர்டும் கல்லா மேஜையில் இருந்த மெஷினுக்கு மட்டும்.

"ஊர்க்காரவிய வந்து எடுக்கணும்னு கேட்டா என்ன சொல்ல?" என்று முதலாளி இழுத்தார்.

"உங்ககிட்ட கேக்கட்டும். யாருன்னு முகத்தைப் பாத்துக் குடுங்க" என்றார் மெக்கானிக்.

மகள் ஒவ்வொரு சீட்டாகப் போய் உட்கார்ந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே சின்னக் கட்டம் வந்து நின்றது. "அனுமதி இல்லைன்னு போட்டிருக்குப்பா" என்று எனக்குப் படித்துச் சொன்னாள். கடைசியில் கல்லா மெஷினில் தன் படத்தைத் தானே அழித்தாள்.

கிளம்பும் முன் மெக்கானிக் மூலை சீட்டை இன்னொரு தடவை துழாவினார். அந்த மெஷினுக்குள்ளேயே ஒரு ஓரத்தில் நிறையப் பெண்களின் படங்கள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. எங்கள் ஊர் மட்டுமல்ல, எங்களுக்குத் தெரியாத முகங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இங்கன உள்ளதை அழிச்சிட்டேன். ஃப்ளாப்பியில கொண்டுபோயிருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது அண்ணாச்சி."

மறுநாள் காலையில் மகளோடு நானும் ரோட்டுக்குப் போனேன். கரிசல் காட்டுக்கு மேலே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பைக் சத்தம் கேட்டது. வந்து, எங்களுக்கு எதிரே, இன்ஜினை அணைக்காமல் நின்றது. நான் ரோட்டைக் கடந்து போய் முன்சக்கரத்துக்கு நேரே நின்றுகொண்டேன். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் நின்றேன். அவன் என் தோளுக்கு மேலாகப் பார்த்தான். அவன் சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு தாளின் நுனி நீலமாக வெளியே தெரிந்தது.

வேன் வந்தது. மகள் ஏறும்போது என்னைக் கூப்பிட்டாள்.

"யப்பா, இத்தன நாளா வந்தவன் இல்ல. இது வேற ஆளு."